வலிக்கும்வரை காத்திருக்கக் கூடாத உறுப்பு

முழு உடல் பரிசோதனை செய்துகொண்டவர்களின் ஸ்கேன் அறிக்கையில் இப்போது அடிக்கடி தென்படும் வரி 'கிரேடு 1 ஃபேட்டி லிவர்'. அதைப் படித்ததும் ஒரு சாரார் பயந்துபோய், அன்றைக்கே கீழாநெல்லிப் பொடியும் லிவர் டானிக்கும் வாங்கிவிடுகிறார்கள். இன்னொரு சாரார், "இது எல்லாருக்கும் இருக்கிறதுதானே" என்று அறிக்கையை மடித்துப் பீரோவில் வைத்துவிடுகிறார்கள். இரண்டுமே சரியான வழி இல்லை. அந்த வரி கல்லீரலில் கொழுப்பு எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பதை மட்டும் சொல்கிறது. கல்லீரலில் தழும்பு விழுந்திருக்கிறதா என்பது அதிலிருந்து தெரியாது. நோயாளியின் எதிர்காலத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பதோ தழும்புதான்.

வயிற்று உபாதைகளைச் சுற்றியும் இதே அளவு குழப்பம் இருக்கிறது. ஏப்பமும் உப்புசமும் வந்தால் கல்லீரல் கெட்டுவிட்டதோ என்று அஞ்சுகிறோம். மலம் கறுத்துப் போனால் உடம்புச் சூடு என்று சொல்லி இளநீர் குடிக்கிறோம். எதற்கு அஞ்ச வேண்டும், எதற்கு அஞ்ச வேண்டாம், எதை அறிகுறிக்காகக் காத்திராமல் முன்னதாகவே அளந்து பார்க்க வேண்டும் என்ற மூன்றும் தெளிந்தால் பல உயிர்களைக் காப்பாற்றலாம். அதற்காகவே இந்தக் கட்டுரை.

தழும்பு எப்படி விழுகிறது?

வலது விலா எலும்புகளுக்கு அடியில், ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ எடையில் இருப்பது கல்லீரல். அதற்கு இரண்டு வழிகளில் ரத்தம் வருகிறது. இதயத்திலிருந்து தமனி வழியாக வருவது கால் பங்கு. மீதி முக்கால் பங்கு, குடல், இரைப்பை, மண்ணீரல் ஆகியவற்றிலிருந்து போர்ட்டல் சிரை வழியாக வருகிறது. சாப்பிட்ட உணவின் சத்து, குடித்த மது, விழுங்கிய மாத்திரை எல்லாம் முதலில் இந்தச் சிரை வழியாகக் கல்லீரலைத்தான் அடைகின்றன.

கல்லீரல் செல்களுக்கு நடுவே விண்மீன் வடிவச் செல்கள் என்று ஒரு வகை உண்டு. சாதாரணக் காலத்தில் வைட்டமின் ஏ-யைச் சேர்த்துவைப்பது அவற்றின் வேலை. மது, ஹெபடைட்டிஸ் வைரஸ், கொழுப்பு என்று ஏதோ ஒன்று கல்லீரலை விடாமல் புண்படுத்தும்போது இந்தச் செல்கள் தங்கள் இயல்பை மாற்றிக்கொண்டு கொலாஜன் என்ற நார்ப்பொருளைச் சுரக்கத் தொடங்குகின்றன. தோலில் ஆறிய காயத்தில் தழும்பை உண்டாக்குவதும் கொலாஜன்தான். ஒருமுறை காயம் பட்டு ஆறினால் கல்லீரலும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். காயம் பல ஆண்டுகள் ஓயாமல் தொடர்ந்தால் நார் படிந்துகொண்டே போகிறது.

இந்த வளர்ச்சியை மருத்துவர்கள் எஃப்0 முதல் எஃப்4 வரை ஐந்து படிகளாகப் பிரிக்கிறார்கள். எஃப்0 என்றால் தழும்பு இல்லை. எஃப்4 என்பது சிரோசிஸ். அந்தக் கட்டத்தில் கல்லீரல் இறுகி, முண்டு முண்டாகிவிடுகிறது. பெரும்பாலானவர்களுக்கு இது பத்து, இருபது, முப்பது ஆண்டுகளில் மெல்ல நடக்கும் மாற்றம். இத்தனை ஆண்டுகளும் வலி இருக்காது. கல்லீரலைச் சுற்றியுள்ள மெல்லிய உறைக்குத்தான் வலி உணரும் நரம்புகள் உண்டு, உள்ளே இருக்கும் திசுவுக்கு இல்லை. அதனால் "எனக்கு ஒரு தொந்தரவும் இல்லையே" என்று ஒருவர் சொல்வதைக் கல்லீரல் நலமாக இருப்பதற்குச் சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது.

யாருக்கு வருகிறது?

மது முதல் காரணம். ஒரு குவார்ட்டர், அதாவது 180 மில்லி பிராந்தியிலோ விஸ்கியிலோ ஏறத்தாழ 60 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. நாளுக்கு 30 கிராமைத் தாண்டும்போதே பல ஆண்டுப் பழக்கத்தில் சிரோசிஸ் வாய்ப்பு கூடுகிறது. பீர் குடித்தால் பரவாயில்லை என்ற நம்பிக்கையும் தவறு. 8 சதவீத வலுவுள்ள 650 மில்லி ஸ்ட்ராங் பீரில் 40 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. கல்லீரலைப் பொறுத்தவரை எந்தப் பாட்டிலிலிருந்து வந்தாலும் ஆல்கஹால் ஒன்றுதான்.

இரண்டாவது, ஹெபடைட்டிஸ் பி, சி வைரஸ்கள். இவை ரத்தம் வழியாகவும், பாதுகாப்பற்ற ஊசி, உடலுறவு ஆகியவற்றின் வழியாகவும், தாயிடமிருந்து குழந்தைக்கும் பரவுகின்றன. உடலில் தங்கிவிட்டால் எந்தச் சத்தமும் இல்லாமல் பல ஆண்டுகள் கல்லீரலை அரிக்கும்.

மூன்றாவது, கொழுப்பு. சர்க்கரை நோய், தொப்பை, உயர் ரத்த அழுத்தம், ரத்தத்தில் கூடுதல் டிரைகிளிசரைடு ஆகியவற்றோடு சேர்ந்தே வருவது இது. 2009இல் வெளியான சென்னை நகர ஆய்வொன்றில் பெரியவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குக் கொழுப்புக் கல்லீரல் இருந்தது. சர்க்கரை நோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இருந்தது. ஒரு சொட்டு மதுவும் தொடாத பெண்களுக்கும் இந்த வழியில் சிரோசிஸ் வருகிறது. அப்படி வந்த ஒருவரைப் பார்த்து, "மறைவாகக் குடித்திருப்பாரோ" என்று உறவினர்கள் பேசுவது அறியாமை மட்டுமல்ல, கொடுமையும்கூட.

கொழுப்புக் கல்லீரல் உள்ள அனைவருக்கும் தழும்பு விழுவதில்லை, பெரும்பாலானவர்களுக்கு விழாது. ஆனால் விழப்போகும் அந்தச் சிலர் யார் என்பதை ஸ்கேனின் கிரேடு காட்டாது. தழும்பு முற்ற முற்ற, கொழுப்பு குறைந்துபோவதும் உண்டு. போன ஆண்டு கிரேடு 2, இந்த ஆண்டு கிரேடு 1 என்று மகிழ்கிற ஒருவருக்கு உள்ளே நோய் வளர்ந்திருக்கவும் கூடும்.

அளப்பதற்கு எளிய வழி

கல்லீரல் ரத்தப் பரிசோதனையில் வரும் 'எல்எஃப்டி நார்மல்' என்ற சொல்லும் பலரை ஏமாற்றிவிடுகிறது. எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி ஆகிய இரண்டும் கல்லீரல் செல்கள் இன்றைக்கு எவ்வளவு காயப்படுகின்றன என்பதைக் காட்டும் எண்கள். முப்பது ஆண்டுகளில் எவ்வளவு தழும்பு சேர்ந்தது என்பதை அவை தனியாகச் சொல்லாது. சிரோசிஸ் வந்த பிறகும் எஸ்ஜிபிடி சரியான அளவுக்குள் இருப்பதுண்டு.

ஆனால் அதே எண்களோடு இன்னும் இரண்டைச் சேர்த்தால் நல்ல ஒரு கணக்கு கிடைக்கும். ஃபிப்-4 என்பது அதன் பெயர். வயதை எஸ்ஜிஓடியால் பெருக்க வேண்டும். அதை, ஆயிரக்கணக்கில் எடுத்த பிளேட்லெட் எண்ணிக்கையையும் எஸ்ஜிபிடியின் வர்க்கமூலத்தையும் பெருக்கி வரும் தொகையால் வகுக்க வேண்டும். விடை 1.3க்குக் கீழே இருந்தால் முற்றிய தழும்பு இருப்பதற்கான வாய்ப்பு குறைவு. 2.67க்கு மேலே போனால் மருத்துவர் உடனே கவனிக்க வேண்டும். இடையில் வந்தால் அடுத்த பரிசோதனை தேவை. 65 வயதைக் கடந்தவர்களுக்குக் கீழ் எல்லை 2. முப்பத்தைந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இந்தக் கணக்கு அவ்வளவாகப் பொருந்தாது.

ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். 52 வயது சர்க்கரை நோயாளி ஒருவருக்கு எஸ்ஜிஓடி 58, எஸ்ஜிபிடி 49, பிளேட்லெட் 1.4 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். தனித்தனியாகப் பார்த்தால் 'கொஞ்சம் கூட, கொஞ்சம் குறைய' என்று எவரும் கடந்துபோகக்கூடிய எண்கள் இவை. கணக்குப் போட்டால் 3.08 வருகிறது. அவர் அந்த வாரமே மருத்துவரைப் பார்க்க வேண்டியவர். அதே வயதில் எஸ்ஜிஓடி 28, எஸ்ஜிபிடி 36, பிளேட்லெட் 2.5 லட்சம் உள்ள இன்னொருவருக்கு விடை 0.97. அவருடைய ஸ்கேனில் கிரேடு 2 என்று இருந்தாலும் அவர் பதற வேண்டியதில்லை. எடையையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வைத்துக்கொண்டு, மருத்துவர் சொல்லும் இடைவெளியில் மறுபடி பார்த்தால் போதும்.

அடுத்த படி ஃபைப்ரோஸ்கேன். விலாவின் மேல் ஒரு கருவியை வைத்து, மெல்லிய அதிர்வொன்றைச் செலுத்தி, அது எவ்வளவு வேகமாகக் கல்லீரலுக்குள் பரவுகிறது என்று பார்ப்பார்கள். இறுகிய திசுவில் அதிர்வு வேகமாகப் போகும். கத்தி, ஊசி எதுவும் கிடையாது, சில நிமிடங்களில் முடிந்துவிடும். விடை கிலோபாஸ்கல் என்ற அலகில் வரும். 8க்குக் கீழே இருந்தால் முற்றிய தழும்பு பெரும்பாலும் இல்லை என்று கொள்ளலாம். பரிசோதனைக்கு முன் மூன்று மணி நேரமாவது எதுவும் சாப்பிடாமல் இருக்க வேண்டும், இல்லையென்றால் எண் கூடுதலாகக் காட்டும்.

வயிறு சொல்வது என்ன?

இனி அறிகுறிகளுக்கு வருவோம். ஏப்பம், உப்புசம், நெஞ்செரிச்சல், சாப்பிட்டதும் மந்தம் ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் கல்லீரல் காரணமில்லை. அமிலம் மேலேறுவது, இரைப்பையில் ஹெச். பைலோரி கிருமி, மலச்சிக்கல், பித்தப்பைக் கல், மன அழுத்தம் எனக் காரணங்கள் வேறு. அவற்றுக்காக லிவர் டானிக் குடிப்பதில் பயனில்லை. அதே சமயம் மாதக்கணக்கில் கேஸ் மாத்திரையை நாமே வாங்கிப் போட்டு மூடி மறைப்பதும் கூடாது. காரணமில்லாமல் எடை குறைவது, விழுங்கச் சிரமம், ரத்தசோகை, மலத்தில் ரத்தம், ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கிய அஜீரணம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் எண்டோஸ்கோப்பி தேவையா என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

கல்லீரல் தழும்பு வயிற்றில் வெளிப்படும் விதம் வேறு. போர்ட்டல் சிரை வழியாக வரும் ரத்தம் இறுகிய கல்லீரலுக்குள் புக முடியாமல் தேங்குகிறது. மதகு அடைபட்ட ஏரியில் நீர் ஏறி, கரை எங்கே பலவீனமோ அங்கே உடைப்பெடுப்பதைப் போல, இந்த அழுத்தமும் பலவீனமான இடங்களைத் தேடிப் போகிறது. உணவுக்குழாயின் அடியில் உள்ள மெல்லிய சிரைகள் புடைத்துக்கொள்கின்றன. மண்ணீரல் வீங்கிப் பிளேட்லெட்டுகளைத் தன்னிடம் பிடித்துவைத்துக்கொள்கிறது. ரத்தப் பரிசோதனையில் பிளேட்லெட் 1.5 லட்சத்துக்குக் கீழே தொடர்ந்து இருந்தால் கல்லீரலையும் சந்தேகிக்க வேண்டும் என்பது இதனால்தான். இந்த அழுத்தத்தால் வயிற்றறைக்குள் நீர் கோத்துக்கொள்கிறது. நம் பெரியவர்கள் மகோதரம் என்று சொன்ன நிலையில் இதுவும் அடங்கும்.

ஆகவே உண்மையான எச்சரிக்கைகள் இவை. கையும் தோளும் மெலிய, வயிறு மட்டும் பெருப்பது. வேட்டியோ பேண்டோ சில வாரங்களில் இறுகிப்போவது. கால் வீக்கம். சிறிது சாப்பிட்டதும் வயிறு நிறைந்துவிடுவது. கண் மஞ்சளாவது. லேசாக இடித்தாலும் தோலில் ரத்தம் கட்டுவது. உள்ளங்கை சிவப்பது, மார்பிலும் தோளிலும் சிலந்திக் கால்களைப் போன்ற சிவப்பு ரத்த நாளங்கள் தெரிவது, ஆண்களுக்கு மார்பு வீங்குவது. இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் நாள் கடத்தக் கூடாது. கண் மஞ்சளாகி, மலம் வெளுத்து, சிறுநீர் கடும் நிறமாகி, உடம்பெல்லாம் அரித்தால் பித்தநாளத்தில் அடைப்பு இருக்கலாம். அதற்கு வேறு வகைச் சிகிச்சை உண்டு, அதையும் உடனே பார்க்க வேண்டும்.

உடனடியாக மருத்துவமனைக்குப் போக வேண்டிய அறிகுறிகள் நான்கு. முதலாவது ரத்த வாந்தி. சிவப்பாக இருந்தாலும் சரி, காபித்தூள் நிறத்தில் இருந்தாலும் சரி. இரண்டாவது, தார் போலக் கறுத்து, பிசுபிசுத்து, கடுமையாக நாறும் மலம். இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும் என்பது உண்மைதான். ஆனால் பிசுபிசுப்பும் நாற்றமும் தலைச்சுற்றலும் சேர்ந்தால் அது ரத்தக் கசிவாகவே இருக்கும் என்று கொள்ள வேண்டும். மூன்றாவது மனக்குழப்பம். கல்லீரல் வடிக்காத நஞ்சு மூளைக்குப் போவதால் இது வருகிறது. பகலில் தூங்கி இரவில் விழித்திருப்பது, பேச்சுத் தடுமாறுவது, கையெழுத்து மாறிப்போவது ஆகியவை இதன் தொடக்கம். வீட்டில் இருப்பவர்கள்தான் இதை முதலில் கவனிப்பார்கள். நான்காவது, வயிற்றில் நீர் கோத்தவருக்குக் காய்ச்சலோ வயிற்று வலியோ வருவது. அந்த நீரில் கிருமி தொற்றியிருக்கலாம். இந்த நான்கிலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

இந்த அறிகுறிகள் வருவதற்கு முன்பும் வந்த பின்பும் உள்ள வேறுபாடு மிகப் பெரியது. 118 ஆய்வுகளைத் தொகுத்து 2006இல் வெளியான ஒரு கட்டுரையின்படி, சிரோசிஸ் இருந்தும் சிக்கல் தொடங்காதவர்களின் இடைநிலை ஆயுள் 12 ஆண்டுகளுக்கு மேல். நீர், ரத்தக் கசிவு, மனக்குழப்பம் ஆகியவற்றில் ஒன்று தொடங்கியவர்களுக்கு அது ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள். முன்னதாக அளந்து பார்ப்பதன் பயன் இந்த இடைவெளியில் இருக்கிறது.

கீழாநெல்லியை என்ன செய்வது?

தமிழ்நாட்டில் கல்லீரலைப் பற்றிப் பேசும்போது கீழாநெல்லியைத் தவிர்க்க முடியாது. அந்த நம்பிக்கையை எள்ளி ஒதுக்குவதும் நியாயமில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜனும், ஹெபடைட்டிஸ் பி வைரஸைக் கண்டறிந்ததற்காக 1976இல் நோபல் பரிசு பெற்ற பாரூக் பிளம்பெர்க்கும் சேர்ந்து இதை முறையாகச் சோதித்தார்கள். 1988இல் 'லான்செட்' இதழில் வந்த அவர்களுடைய ஆய்வில், கீழாநெல்லி பெற்ற 37 பேரில் 22 பேரின் ரத்தத்திலிருந்து வைரஸின் அடையாளம் மறைந்திருந்தது. வெற்று மருந்து பெற்ற 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே அப்படி ஆனது. உலகமே திரும்பிப் பார்த்த முடிவு அது. ஆனால் பிற இடங்களில் நடந்த பின்னாளைய ஆய்வுகளில் அதே பலன் கிடைக்கவில்லை. அறிவியலில் ஒரு முடிவு நிலைபெற வேண்டுமானால் பிறர் செய்து பார்க்கும்போதும் அது வர வேண்டும்.

"எங்க தாத்தாவுக்குக் காமாலை கீழாநெல்லியாலதான் போச்சு" என்பவர்கள் பொய் சொல்வதில்லை. அசுத்தமான தண்ணீரால் வரும் ஹெபடைட்டிஸ் ஏ, ஈ காமாலைகள் பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தாமாகவே ஆறிவிடும். அவை பொதுவாகத் தழும்பையும் விட்டுச்செல்வதில்லை. எந்த மருந்து கொடுத்திருந்தாலும் அவர்கள் குணமாகியிருப்பார்கள். ஆபத்து எங்கே என்றால், காமாலைக்குப் பின்னால் ஹெபடைட்டிஸ் பி-யோ, பித்தநாள அடைப்போ, சிரோசிஸோ இருக்கும்போது, மூலிகையை நம்பிக் கழியும் அந்த வாரங்களில்தான். இயற்கையானது என்பதாலேயே ஒன்று கல்லீரலுக்குப் பாதுகாப்பாகிவிடாது. கோவிட் காலத்தில் நோய் எதிர்ப்பு சக்திக்கென்று சீந்தில் கொடியைக் காய்ச்சிக் குடித்த சிலருக்குக் கல்லீரல் அழற்சி வந்ததை மும்பை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். காமாலை வந்தால் காரணம் என்ன என்று முதலில் ரத்தம் பார்க்க வேண்டும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

தழும்பு ஆறுமா?

ஆறும். இதைத்தான் எல்லாரும் அறிய வேண்டும். காயப்படுத்தும் காரணத்தை நீக்கினால், படிந்த நாரைக் கல்லீரல் மெல்லக் கரைக்கிறது. 2013இல் வெளியான ஓர் ஆய்வில், ஹெபடைட்டிஸ் பி-யால் சிரோசிஸ் வந்த 96 பேர் டெனோஃபோவிர் மாத்திரையை ஐந்து ஆண்டுகள் சாப்பிட்டார்கள். திசுப் பரிசோதனையில் அவர்களில் 71 பேருக்குச் சிரோசிஸ் நிலை நீங்கியிருந்தது. ஹெபடைட்டிஸ் சி-யைப் பன்னிரண்டு வார மாத்திரைகளால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு முழுமையாகக் குணப்படுத்த முடிகிறது. 2018 ஜூலையில் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கீழ் இவ்விரண்டுக்கும் பரிசோதனையும் மருந்தும் இலவசம். ஹெபடைட்டிஸ் பி-க்குத் தடுப்பூசியும் உண்டு. குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி போட வேண்டும்.

கொழுப்பால் வந்த நோயில், உடல் எடையில் பத்து சதவீதம் குறைத்தவர்களில் பலருக்குத் தழும்பும் குறைகிறது. எண்பது கிலோ உள்ளவருக்கு எட்டு கிலோ. ஓராண்டில் செய்யக்கூடியதுதான். சோற்றின் அளவைக் குறைத்துக் காயும் பருப்பும் கூட்டுவது, இனிப்புப் பானங்களை விடுவது, தினம் வேகமாக நடப்பது ஆகியவை அதற்கான வழிகள். நம்மவர்களுக்கு இடுப்பளவு ஆண்களில் 90 செ.மீ., பெண்களில் 80 செ.மீ. என்பதே எல்லை. சர்க்கரை போடாத காபி குடிப்பவர்களுக்குப் பயப்பட ஒன்றுமில்லை. காபி குடிப்பவர்களிடம் தழும்பு குறைவாக இருப்பதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. மதுவால் வந்ததென்றால் அடியோடு நிறுத்துவது ஒன்றே மருந்து. பல ஆண்டுகள் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் வரலாம், எனவே அதை மருத்துவரின் துணையோடு செய்ய வேண்டும்.

சிரோசிஸ் வந்துவிட்டவர்களுக்கும் செய்ய நிறைய இருக்கிறது. பத்தியம் என்ற பெயரில் பருப்பு, முட்டை, பால், மீனை நிறுத்துவது தவறு. தசை கரைந்தால் நோய் விரைவாக முற்றும். உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் தேவை. இரவு படுக்குமுன் சிறிது சாப்பிடுவது நல்லது. நீர் கோத்திருந்தால் ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றைத் தவிர்த்து உப்பைக் குறைக்க வேண்டும். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரூஃபென் போன்ற வலி மாத்திரைகள் சிறுநீரகத்தைக் கெடுக்கும், ரத்தக் கசிவையும் தூண்டும். அவற்றை மருந்துக் கடையில் கேட்டு வாங்கக் கூடாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட் பார்த்தால், கல்லீரலில் புற்றுநோய் வந்தாலும் சிறியதாக இருக்கும்போதே பிடித்துவிடலாம்.

எல்லாம் கைமீறினால் மாற்று அறுவைச் சிகிச்சை இருக்கிறது. இந்தியாவில் வெற்றி பெற்ற முதல் கல்லீரல் மாற்று அறுவைச் சிகிச்சை 1998இல் டெல்லியில், காஞ்சிபுரத்தைச் சேர்ந்த இரண்டு வயது நிரம்பாத ஒரு குழந்தைக்கு, தந்தையின் கல்லீரலில் ஒரு பகுதியை எடுத்துப் பொருத்திச் செய்யப்பட்டது. அந்தக் குழந்தை வளர்ந்து மருத்துவராகிவிட்டார். இன்று தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனையிலும் இந்தச் சிகிச்சை நடக்கிறது. ஆனால் உறுப்புக்காகக் காத்திருப்போர் பலர், கிடைப்பவை சில. அந்த வரிசைக்கு வராமல் தடுப்பதே பொதுநலத்தின் முதல் வேலை.

அரசுக்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் சர்க்கரை, ரத்த அழுத்த நோயாளிகளின் வீட்டு வாசலுக்கே போகிறது. ஃபிப்-4 கணக்குக்குத் தேவையான மூன்று ரத்தப் பரிசோதனைகளும் செலவு குறைந்தவை. அந்தப் பதிவேட்டில் உள்ள ஒவ்வொரு சர்க்கரை நோயாளிக்கும் ஆண்டுக்கொரு முறை இந்தக் கணக்கு போடப்பட்டு, எண் கூடியவர்கள் மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்பப்பட வேண்டும்.

வாசகர்களுக்குச் சொல்வது இன்னும் எளிது. உங்களுக்குச் சர்க்கரை நோயோ தொப்பையோ மதுப் பழக்கமோ இருந்தால், அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது இரண்டு கேள்விகள் கேளுங்கள்: "எனக்கு ஃபிப்-4 எவ்வளவு?", "ஹெபடைட்டிஸ் பி, சி பார்த்தாயிற்றா?" வீட்டில் யாருக்காவது ஹெபடைட்டிஸ் பி இருந்தால் குடும்பத்தில் எல்லாரும் பரிசோதித்துக்கொள்ளுங்கள், தொற்று இல்லாதவர்கள் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லாத இந்த நாட்களில்தான் இந்தக் கேள்விகளுக்கு மதிப்பு அதிகம். தழும்பைத் திருப்ப முடிகிற காலமும் அதுவே.